வலப்பக்கத்தில் மலை

வேங்கிக்கால்,
12-8-1999

அன்புள்ள அண்ணா,

வணக்கம். இங்கே அப்பா நலம். அம்மாவும் நலம், இடது முழங்கால் நீங்கலாக. நானும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். பூத்துக்குப் போனால் அப்பா கூடவே வந்து கண்ணாடிக் கதவில் சாய்ந்து நிற்பார். அதனால் கடிதம்.

ஃபிளையிங் கிளப்பிலிருந்து தகவல் வந்திருக்கிறது. ஒன்றரை வருடமாகக் கிடப்பில் இருந்த விமானத்துக்குப் புது இன்ஜின் பொருத்திவிட்டார்களாம். பிப்ரவரியில் பயிற்சி மறுபடியும் தொடங்கும். அதற்குள் நான் சென்னையில் மெடிக்கல் முடித்துச் சான்றிதழ் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பறந்த நேரத்தைக் குறிக்கும் என் லாக் புத்தகம் நாற்பத்தொரு மணி நேரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள்.

கை மறந்துவிடக் கூடாது என்று தினமும் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பறக்கிறேன். நீ 96-இல் ஐந்து ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டாயே, அதே பதிப்பு. அதே பழைய 486 கம்ப்யூட்டர். நீ செய்து தந்த மலையும் அப்படியே இருக்கிறது. ஒரு பழுப்பு முக்கோணம், உச்சியில் நான்கு சிவப்புப் புள்ளி. தீபம் என்று சொன்னாய். நான் நம்பினேன்.

புதிய பதிப்பு வந்திருக்கிறதாமே. மாற்றுவது பிரயோஜனப்படுமா? தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராஜமாணிக்கத்திடம் கேட்டேன். "பழசுலயும் பறக்குது, புதுசுலயும் பறக்குது. ரெண்டுலயும் நாற்காலி தரையிலதாம்மா இருக்குது" என்றார்.

பழையதில் எனக்குள்ள சங்கடம் இது. மாலை நேரம் என்று வைத்தால் எல்லாம் மங்கிவிடுகிறது. ஓடுபாதை விளக்குகள் கிட்டே வரும்வரை தெரிவதில்லை. ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து மீட்டர் காணாமல் போகிறது. புதியதில் இவையெல்லாம் தெளிவாக இருக்குமா? ஒலி எப்படி? பழையதில் இன்ஜின் என்பது ஒரே ரீங்காரம். ஒலியைப் பற்றி அவசியம் எழுது.

ஜாய்ஸ்டிக் கைப்பிடிக்கு ஆறடி ஒயர் கிடைக்குமா? நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டால்தான் திரை முழுதும் பார்வைக்குள் அடங்குகிறது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மதி


பெங்களூர்,
25-8-1999

அன்புள்ள மதி,

நலம். மழையில் இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆபீசில் 2000-ஆம் ஆண்டுப் பயம். ஒரு லட்சம் வரிகளில் எங்கெல்லாம் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய மென்பொருளைப் பற்றி யார் கேட்டாலும் எரிச்சல் வருகிறது. நீ கேட்டதால் வரவில்லை.

புதிய பதிப்பைப் பக்கத்து மேஜைக்காரன் போட்டிருக்கிறான். பார்த்தேன். மேகம் மேகம் மாதிரி இருக்கிறது. தரை வெறும் பச்சைத் தாளாக இல்லை, வயலும் ஆறும் தெரிகின்றன. மீட்டர்கள் கூர்மை. மாலையில் வானம் நிஜமாகவே சிவக்கிறது. ஆனால் உன் 486-இல் அது ஏறாது. பென்டியம் வேண்டும், முப்பத்திரண்டு எம்பி நினைவகம் வேண்டும், படத்துக்குத் தனி அட்டை வேண்டும். மென்பொருளை மாற்றுவது என்றால் மேஜையோடு மாற்றுவது.

இன்னொரு விஷயம். நான் செய்த மலை அதில் திறக்காது. பழைய காட்சிக் கோப்புகளைப் புதியது படிப்பதில்லை. அதன் உலகப் படத்தில் திருவண்ணாமலையைத் தேடினேன். தட்டையான தரை. மலையே இல்லை. பெரிய ஊர்களுக்குத்தான் கவனித்துச் செய்திருக்கிறார்கள்.

என் யோசனை, இருப்பதை வைத்துக்கொள். பிப்ரவரியில் நிஜ விமானம் வரப்போகிறது. ஐந்து மாதத்துக்காக மலையை இழக்கவேண்டுமா?

அப்பாவையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாறன்


வேங்கிக்கால்,
6-9-1999

அன்புள்ள அண்ணா,

அனைவரும் நலம். உன் ஜலதோஷம் திரும்பி வரவில்லையே?

மலை போனால் போகட்டும். ஜன்னலைத் திறந்தால் ஒன்று இருக்கிறது.

ஒலியைப் பற்றி நீ எழுதவில்லை.

போன வாரம் சைக்கிளில் வரும்போது கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு பசுவின் மேல் மோதிவிட்டேன். பக்கத்திலிருந்து வந்தது, கவனிக்கவில்லை. பசுவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவோடு வேலை செய்யும் சக்கரபாணி பார்த்திருக்கிறார். மறுநாள் ஆபீசில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பைலட் அப்பா, உம்ம பொண்ணு லேண்டிங் பார்த்தேன்பா" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெயரை அவருக்குப் பிடித்திருக்கிறது. மூன்று வருடமாக அங்கே அவரை யாரும் அர்ஜுனன் என்று கூப்பிடுவதில்லை.

எனக்குப் புதியது வேண்டும், அண்ணா. பழையதில் எனக்குத் தெரியாத ஒன்று, பழையது என்பதால் தெரியவில்லையா என்று பார்க்கவேண்டும். இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

அம்மா உனக்குப் புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மதி


பெங்களூர்,
20-9-1999

அன்புள்ள மதி,

சுகம். முழங்கைக்கு மருந்து போட்டாயா? பசு ஏதும் புகார் எழுதவில்லையே?

சரி. என் பென்டியத்தை உனக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீசில் இருப்பவனுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் எதற்கு? திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் ஒருவர் பழக்கம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரில் நிறுத்தி இறக்கித் தருவார். அப்பாவை ஆட்டோவோடு நிற்கச் சொல்.

மலையையும் செய்கிறேன். நீ வேண்டாம் என்றாலும். மலை இல்லாத திருவண்ணாமலையில் நீ எதைச் சுற்றிப் பறப்பாய்?

ஒன்று நினைவுக்கு வந்தது. நீ கிளப்பில் சேர்ந்த முதல் மாதம் எழுதியிருந்தாய். விமானத்தளத்தைச் சுற்றும்போது இடப்பக்கம் திரும்புவதுதான் வழக்கம், நீ உன்னையறியாமல் வலப்பக்கம் திருப்பிவிட்டாய், பயிற்சியாளர் காதைப் பிடித்துத் திருகாத குறை என்று. தப்பு என்னுடையது. மலையைச் செய்து தந்தவன் நான். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றவேண்டும் என்று சொன்னவனும் நான். கிரிவலம் போகிற ஊர்க்காரர்களுக்கு வேறு எப்படிச் சுற்றத் தோன்றும்? ஆனால் விமானி உட்காருவது இடது இருக்கை. வலமாகச் சுற்றினால் மலை எப்போதும் மறுபக்கத்து ஜன்னலில். நீ மூன்று வருடமாக மலையைச் சரியாகப் பார்க்காமலே சுற்றியிருக்கிறாய்.

கிழக்குச் சரிவை எனக்கு ஒரு தாளில் வரைந்து அனுப்பு. பவழக்குன்று மலையிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது என்று மறந்துவிட்டது.

அன்புடன்,
மாறன்


பெங்களூர்,
5-11-1999

அன்புள்ள மதி,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எட்டு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. நான் கேட்ட வரைபடமும் வரவில்லை. கம்ப்யூட்டர் பத்திரமாக வந்தது என்று அப்பா பூத்திலிருந்து போன் செய்து சொன்னார். நீ கூட வரவில்லையா என்றதற்கு, குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். அதற்கு முந்தைய தடவையும் குளித்துக்கொண்டிருந்தாய்.

வரைபடம் இல்லாமலேயே செய்துவிட்டேன். இத்துடன் உள்ள சிடியில் இருக்கிறது. உயரம் இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு அடி, அங்குலம் பிசகாது. சரிவுகள் நினைவிலிருந்து. கோயிலும் உண்டு, ஒன்பது கோபுரங்களில் பெரியவை நான்கு மட்டும். உச்சியில் தீபம். இந்தத் தடவை நான்கு சிவப்புப் புள்ளி இல்லை. அசைகிற மஞ்சள் சுடர், மாலை ஆறு மணி ஆனால் தானாக எரியும். அதற்கு மட்டும் மூன்று இரவு போனது.

தீபத்துக்கு ஊருக்கு வர முடியாது. ஒருவருக்கும் விடுப்பு இல்லை. நீ எனக்காகவும் பார்.

கம்ப்யூட்டரில் என் பழைய ஹெட்போன் சேர்த்துக் கட்டியிருந்தேன், கிடைத்ததா?

மாறன்


வேங்கிக்கால்,
26-11-1999

அன்புள்ள அண்ணா,

அனைவரும் நலம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி, வீட்டு வேலை ஜாஸ்தி.

நீ கேட்காமலே சொல்கிறேன், ஒலி நன்றாக இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றுவதேயில்லை. இறக்கை மடிப்பை இறக்கினால் மோட்டார் முனகுகிறது. வேகம் குறையும்போது காற்றின் சத்தம் மெலிகிறது, மீட்டரைப் பார்க்காமலே வேகம் தெரிகிறது. சக்கரம் தரையைத் தொடும்போது முதலில் இடது, பிறகு வலது, இரண்டு கிறீச்சு. ஒரே நேரத்தில் கேட்டால் நல்ல இறக்கம். நேற்று ஒரே நேரத்தில் கேட்டது. விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒருவர் பேசுகிறார். அவருக்கு அலுப்பே வருவதில்லை.

மலை அழகாக வந்திருக்கிறது. விளக்கும் நன்றாக எரிகிறது. பழைய சிவப்பைவிட இந்த மஞ்சள்தான் பொருத்தம். அசைவது நிஜம்போல் இருக்கிறது.

தீபத்தன்று எல்லோரும் மாடியில் நின்றோம். ஆறு மணிக்குத் தெருவெல்லாம் ஒரே குரல். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். உனக்காகவும் ஒருமுறை.

மெடிக்கல் ஜனவரி இருபதாம் தேதி. அப்பா பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டரில் ஒட்டியிருக்கிறார்.

உன் வேலைக்கு இடையில் தூங்கு.

மதி


பெங்களூர்,
9-12-1999

மதிக்கு,

நலம்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

நேற்று அந்தத் தீபத்தை ஒரு நண்பனுக்குக் காட்டலாம் என்று, உனக்கு அனுப்பிய சிடியின் நகலைப் போட்டேன். மாலை ஆறு மணி வைத்தேன். மலை இருந்தது. கோபுரங்கள் இருந்தன. விளக்கு இல்லை. தேடிப் பார்த்ததில் அந்த ஒரு கோப்பு மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. சிடியில் ஏற்ற மறந்திருக்கிறேன். உன் மலையில் விளக்கு எரிந்ததேயில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நீ வலமாகவே சுற்றுகிறாய். மலை உன் ஜன்னலில் வரவே வராது. நான் மூன்று இரவு வேலை செய்ததாக எழுதியிருந்ததால் என் மனம் கோணக் கூடாது என்று பார்க்காமலே பாராட்டிவிட்டாய். அப்படித்தான் இருக்கவேண்டும்.

விளக்குக் கோப்பை ஃபிளாப்பியில் அனுப்புகிறேன். பெரிதாக்கியிருக்கிறேன், ராஜகோபுரம் அளவுக்கு. எந்த மூலையிலிருந்தும் தெரியும். ஒரே ஒருமுறை இடமாகச் சுற்றிப் பார். சாமி கோபித்துக்கொள்ளாது, அது வெறும் கம்ப்யூட்டர். சுற்றிவிட்டு எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாறன்


பெங்களூர்,
3-1-2000

அன்புள்ள மதி,

புது வருடம். ஒன்றும் ஆகவில்லை. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

ஃபிளாப்பி கிடைத்ததா?

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். மங்கல் என்றது. ஒரு மீட்டர் தெரிந்தால் இன்னொன்று தெரியவில்லை என்றது. ஆறடி ஒயர். பசு. நான் ஒவ்வொன்றுக்கும் படத்து அட்டையையும் நினைவகத்தையும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. நீயே எழுது.

அண்ணன்


வேங்கிக்கால்,
23-1-2000

அன்புள்ள அண்ணா,

அப்பா, அம்மா நலம். எப்போதும் மூன்றாவதாக எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

நீ கேட்காததற்குப் பதில்: ஆமாம்.

போன ஜூன் மாதம் கிளப் வேலை என்று சொல்லிவிட்டுச் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்கு முந்தைய ஒரு வருடமாக இருட்டினால் கதவு நிலையில் இடித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் மாலைக்கண் என்று அம்மா எனக்கு முருங்கைக் கீரையும் ஈரலும் கொடுத்தாளே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் வெளிச்சம் தோன்றும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் தோன்றவில்லை. மிஷின் ரிப்பேரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தனவாம்.

விழித்திரை ஓரத்திலிருந்து தேய்கிறது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. நேராகப் பார்ப்பது தெரியும், படிக்கலாம், எழுதலாம். வட்டம் மெல்லச் சுருங்கும். எவ்வளவு மெல்ல என்று சொல்ல மாட்டார்களாம். மருந்து இல்லை.

டாக்டர் கேட்டார், அப்பா அம்மா சொந்தமா என்று. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். அண்ணா, இதை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. நீயும் ஒருமுறை அந்தக் கிண்ணத்தில் முகத்தை வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஏழு மாதம் எடுத்துக்கொண்டதற்காக உன் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஏன் புதியது கேட்டேன் என்று உனக்குத் தோன்றும். சிமுலேட்டர் பழையது. மானிட்டர் பழையது. அதில் எனக்குத் தெரியாததெல்லாம் என் கண்ணால்தான் என்று யார் சொன்னது? புதியதில் பார்ப்போம், தெளிவாகத் தெரிந்தால் டாக்டரை மறந்துவிட்டு மெடிக்கலுக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டேன். நடுவட்டத்தால் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவேன். தப்பித்தாலும் தப்பிக்கலாம். படித்தவள் போடும் திட்டமா இது. ஆனால் போட்டேன்.

சிடி வந்தது. உன் மலையில் விளக்கைத் தேடினேன். கிடைக்கவில்லை. நீ செய்தேன் என்றால் இருக்கும். மலை இருந்தால் மேலே விளக்கு இருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை என்று முடிவுசெய்து, எரிகிறது என்று உனக்கு எழுதினேன். மாடியில் அம்மாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதுபோல.

அப்புறம் உன் டிசம்பர் கடிதம். விளக்கே இல்லை என்று எழுதியிருந்தாய். அண்ணா, அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். இல்லாததைத்தானே நான் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வாழைக்காய் நறுக்கித் தந்தேன். பாடினேன் என்றுகூட நினைக்கிறேன்.

சாயங்காலம் ஃபிளாப்பியைப் போட்டேன். வலமாகச் சுற்றினேன். இடமாகவும் சுற்றினேன். கை வரவே இல்லை, ஆனாலும் சுற்றினேன். விளக்கு கிடைத்தது. ராஜகோபுரம் அளவு. அதைப் பார்த்தால் விமானத்தின் மூக்கு இல்லை. மூக்கைப் பார்த்தால் விளக்கு இல்லை. மீட்டரைப் பார்த்தால் மலையே இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும்போது மலையில் மோதினேன். நான்கு தடவை. நான்கும் நீ செய்த அந்தக் கிழக்குச் சரிவில். திரை ஒரு நொடி நின்று, என்னை மறுபடியும் ஓடுபாதையில் கொண்டுவந்து விட்டது.

மென்பொருளில் குறை இல்லை.

இருபதாம் தேதி காலை அப்பாவோடு சென்னை பஸ் ஏறினேன். புதுச் சட்டை போட்டிருந்தார். செஞ்சியில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கே நின்று சொன்னேன். பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அப்பா டீயைக் கீழே வைத்தார்.

"இப்ப என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அப்புறம் என்னம்மா."

"மூஞ்சி மட்டும்தாம்பா தெரியுது. கையில என்ன வச்சிருக்கீங்கன்னு தெரியலை."

நான் பார்வையைக் கீழே இறக்கினேன். கையில் எனக்கு வாங்கிய பன் இருந்தது. அவ்வளவு நேரமும் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

சென்னை பஸ் போய்விட்டது. எதிர்ப்பக்கம் போய் நின்றோம்.

மதி


பெங்களூர்,
19-2-2000

அன்புள்ள மதி,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். கோபம் இல்லை. நான் ஒலியைப் பற்றி ஒருமுறையாவது பதில் எழுதியிருக்கலாம்.

கிண்ணத்தில் முகம் வைத்தேன். எல்லாப் புள்ளியும் தெரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு டீ குடித்தேன்.

பென்டியமும் சிடியும் வீணா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். பழையதோடு விட்டிருந்தால் நீ இன்னும் கொஞ்ச நாள் பழையதைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பாய். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

வேறு ஒன்றும் செய்யத் தெரியாததால் ஒன்று செய்தேன். விமானங்களுக்குத் திசை காட்டத் தரையில் பீக்கன் வைப்பார்களே, தந்தி ஒலி எழுப்பும் கம்பம், நீ கிளப்பில் கேட்டிருப்பாய். அதில் ஒன்றை மலை உச்சியில் நட்டிருக்கிறேன், விளக்கின் இடத்தில். விளக்கை எடுத்துவிட்டேன். ஹெட்போன் மாட்டிக்கொள். மலை எந்தப் பக்கமோ அந்தக் காதில் கேட்கும். நெருங்கினால் உரக்க, விலகினால் மெல்ல. பார்க்கத் தேவையில்லை.

ஒரு கோளாறு. உச்சிக்கு நேர் மேலே வந்தால் ஒலி சில விநாடி அற்றுப்போகிறது. நிஜக் கம்பங்களிலும் அப்படி உண்டு என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். ஆனால் இது என் வேலையில் உள்ள ஓட்டை. அடைத்துத் தரட்டுமா, எழுது.

அப்பா எப்படி இருக்கிறார்? ஏப்ரலில் வருகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்
மாறன்


வேங்கிக்கால்,
11-3-2000

அன்புள்ள அண்ணா,

உனக்கு ஒன்றுமில்லை என்று படித்தேன். இந்த வருடத்தில் வந்த ஒரே நல்ல செய்தி. கையைக் கூச விடாதே.

கிளப்புக்கு எழுதிவிட்டேன். என் இடத்தில் வேறு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். லாக் புத்தகத்தை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. சக்கரபாணி பைலட் அப்பா என்று கூப்பிட்டால் என்னப்பா என்று கேட்கிறாராம். இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டு வந்து சொல்வதில்லை. எனக்கு இது வேறொருவர் சொல்லித் தெரியும். அம்மா தினமும் ஈரல் சமைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

காலண்டரிலிருந்து அந்த மெடிக்கல் தேதித் தாளை யாரும் எடுக்கவில்லை. ஜனவரித் தாள்களோடு கிழிந்து போயிருக்கவேண்டும், ஆனால் அப்பா அதை அட்டையில் ஒட்டியிருந்தார்.

ராஜமாணிக்கத்தைத் தெருவில் பார்த்தேன். புதுசு எப்படிம்மா, மாத்தினது பிரயோஜனமா என்றார். ஆமாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நீ அனுப்பியதைப் போட்டேன். மானிட்டரை அணைத்துவிட்டுப் பறக்கிறேன். வலது காதில் கேட்டுக்கொண்டே இருந்தால் வலமாகத்தான் போகிறேன் என்று அர்த்தம். இடது காதுக்கு மாறினால் எங்கோ தப்பு. முதல் வாரம் எட்டுத் தடவை மோதினேன். இந்த வாரம் இரண்டு.

நேற்று உயரம் ஏற்றிக்கொண்டு நேராக உச்சிக்கு மேலே போனேன். ஒலி இரண்டு காதிலும் நிரம்பி, பிறகு நின்றுவிட்டது. இன்ஜின் மட்டும். அந்தச் சில விநாடி மலை வலப்பக்கம் இல்லை, இடப்பக்கமும் இல்லை. எனக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

அந்த ஓட்டையை அடைக்காதே.

ஏப்ரலில் நீ வரும் பஸ் பகலில் வருகிறதா, இருட்டியபின் வருகிறதா என்று எழுது. பகலில் என்றால் நான் ஆசிரமத்துக்கு எதிரில் வந்து நிற்கிறேன். நீ எனக்கு நேரெதிரில் வந்து நில்.

மதி